கல்லுக்கு ஒரு தாடி

மாமனார் தன் தீட்டுக்கல்லை ஈரத் துண்டிலிருந்து பிரித்து என் மடியில் வைத்தார்.

"என்ன கல்லு, எவ்வளவு பழசு, யார் கை பட்டது. மூணும் சொல்லிட்டா கல்லு உங்களுக்கு, மாப்பிள்ளை. ஒண்ணு தப்பினாலும் தாடி எனக்கு."

சலூன் பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேரும் பேப்பரை மடித்துவிட்டார்கள்.

நான் இரவு வேலையை விட்ட வாரத்திலிருந்து மழிக்காத தாடி. ஆறு வருடமாகிறது. சவரக் கடைக்காரரின் மருமகன் தாடியோடு திரிவது, மாமனாரைப் பொறுத்தவரை, அவர் கடைக்கு எதிரான விளம்பரம்.

பழைய தீட்டுக்கற்களைத் தேடிப்பிடித்து விற்பதுதான் இப்போது என் பிழைப்பு. இந்தக் கல்லை மட்டும் அவர் இதுவரை தொடவிட்டதில்லை.

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஆலையில் செய்த கல் பெரும்பாலும் குடித்துவிடும். இது குடிக்கவில்லை. சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

பக்கவாட்டில் பார்த்தேன். மேலே வெளிர் மஞ்சள், அடியில் கருநீலம். ஒட்டுப்போட்டிருந்தால் நடுக்கோடு ஸ்கேல் வைத்தது போல இருக்கும். இது நெளிந்து ஓடியது. மண்ணுக்குள்ளேயே ஒட்டிப் பிறந்த இயற்கைக் கல்.

கல்லோடு சேர்த்துச் சுற்றியிருந்த சின்னத் துண்டுக்கல்லால் மேலே தேய்த்தேன். பால் போலக் கரைந்து வந்தது. விரலிடுக்கில் துளி நெறுநெறுப்பு இல்லை.

அடியில் கைரம்பம் அறுத்த தடம். நூறு வயதுக்குக் குறையாது.

இரண்டு பதில்கள் வாய்க்குள் தயாராக இருந்தன. தாடி பிழைத்தது என்று நினைத்தேன்.

"கையை வெச்சு இழுத்துப் பாருங்க மாப்பிள்ளை. சும்மா தடவிக் குடுத்தா பேசிடுமா?"

கல் நடுவில் தேய்ந்திருந்தது. பள்ளம் நேராக இல்லை. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சரிந்து போனது. வலது கையில் கத்தி இருப்பதாக நினைத்து இழுத்தேன். கை பள்ளத்துக்குக் குறுக்கே போனது. கல்லைத் திருப்பி வைத்தேன். அப்போதும் அதே கோணல்.

இடது கைக்கு மாற்றினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

மாமனார் வலது கைக்காரர். தன் சவரக்கத்தியின் கூர்மையை நாற்பது வருடமாக 'எல்லாம் என் கைராசி' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்.

கடையின் பின்கதவு வீட்டு அடுப்படிக்குத் திறக்கும். அங்கே அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இடது கையால்.

நறுக்குவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், வாடிக்கைக்காரர்கள் முன்னால் மனிதரின் மானம் போகும். 'உங்கள் கை' என்று சொன்னால், பந்தயம் ஜெயித்துக் கல் என்னோடு வந்துவிடும். அத்தை எதில் தீட்டுவார்?

மிச்சமிருந்தது முட்டாளாகும் வழி.

"ஆலைக் கல்லு மாமா. போன வருஷம் செஞ்சதா இருக்கும்."

பெஞ்சில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இவர்கிட்டயா கல்லு வாங்குறாங்க!" என்றார் ஒருவர். மாமனார் சிரிக்கவில்லை. துண்டை உதறி, நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

கத்தி தாடையில் போனதே தெரியவில்லை. ஒரு கீறல் இல்லை. ஆறு வருடம் ஆறு நிமிடத்தில் தரையில் கிடந்தது.

முகம் கழுவ அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்த மாமனார், கத்தியைக் குழாயடியில் வைத்துவிட்டு, என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கடைக்குத் திரும்பினார்.

கத்தி அங்கேயே கிடந்தது.

"அவருக்குத் தெரியாதுதானே அத்தை?" குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

அத்தை கத்தியை எடுத்து இடது கட்டைவிரலில் பதம் பார்த்தார்.

"நாப்பது வருஷமா இதை இங்க மறந்து வெச்சுட்டுப் போறார், மாப்பிள்ளை. வேற எதையும் மறந்ததில்ல."

எனக்குக் கன்னம் குளிர்ந்தது.

"அப்போ நீங்க தலையாட்டினது?"

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நேத்தே உட்கார வெச்சு, எப்படி ஆட்டணும்னு நாலு தடவை ஆட்டிக் காட்டினாரே!"