தடம் விழாத இரண்டு விநாடி

பெரிய திரையில் வரிகள் ஓடி நின்றதும் பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பாத்தீங்களா? ரெண்டு செகண்ட் கெர்னல்ல ஒண்ணுமே ஓடல. அப்ப தப்பு நெட்டையோட புரோகிராம்லதான்."

ஆபீசே அக்கா என்று கூப்பிடும் புரோகிராமர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மனுஷன் இவ்வளவு சந்தோஷமாகவா பழி போடுவான்?

பெரியவர் வயதில் பெரியவர் இல்லை, பதவியில். இந்த இயங்குதளத்தின் உள்கருவான கெர்னலில் பாதி அவர் எழுதியது. அதை தினம் ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அந்த இயங்குதளம் ஓடுவது ஆஸ்பத்திரி வார்டுகளில் நாடித்துடிப்பு காட்டும் கருவியில். அந்தக் கருவி திடீர் திடீரென்று இரண்டு விநாடி உறைந்துபோகிறது. யார் தலையையாவது உருட்டியாக வேண்டும். திரையில் கோடு வரையும் புரோகிராமை எழுதிய நெட்டையின் தலை கைக்கு எட்டியது. இன்று சாயங்காலத்தோடு அவனை வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

அவன் சுவரோரமாக நின்றான். இருந்த உயரத்தில் பாதிதான் தெரிந்தது.

அவனுக்காகத்தான் அக்கா மல்லுக்கட்டி கெர்னலுக்குள்ளேயே தடம் பிடிக்கும் ட்ரேஸைக் கட்டினாள். அதுவரை இந்த ஆபீசில் நடந்தது வெட்கக்கேடு. சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஒரு பிரிண்ட் வரியைப் போடுவார்கள், கோளாறு ஒளிந்துகொள்ளும். எடுத்துவிட்டு அனுப்புவார்கள், திரும்ப வந்து நிற்கும். இனி அந்தக் கூத்து இல்லை. புரோகிராமின் துண்டுகளில் எந்த ஃபங்ஷனுக்குள் ஓட்டம் எப்போது நுழைந்தது, எப்போது வெளியே வந்தது என்று கெர்னல் தானே குறித்துக்கொள்ளும்.

குறித்திருந்தது. நடுவில் இரண்டு விநாடி மட்டும் காலி.

"உங்க ட்ரேஸே சொல்லிடுச்சேம்மா. இன்னும் என்ன?" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே.

அக்கா காலி இடத்துக்கு முன்னால் கடைசியாகக் குறிக்கப்பட்ட ஃபங்ஷனைத் திறந்தாள். அது அடுத்து யாரைக் கூப்பிடுகிறது என்று பார்த்தாள்.

அது கூப்பிட்டது பெரியவர் எழுதியதை. சென்சார் பதில் சொல்லும்வரை, வேறு யாரையும் ஓடவிடாமல், சும்மா சுற்றிச் சுற்றிக் காத்துக்கிடக்கும் ஒரு ஃபங்ஷன். சென்சார் முரண்டு பிடித்தால் மொத்தக் கருவியும் அதோடு சேர்ந்து நிற்கும்.

அதன் பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை ஒட்டியிருந்தது. நோட்ரேஸ். இதைக் குறிக்காதே என்று கெர்னலுக்குச் சொல்லும் வார்த்தை.

எப்போது சேர்ந்தது? மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தாள். ட்ரேஸ் தயார் என்று அக்கா எல்லோருக்கும் சொன்ன அன்று சாயங்காலம். சேர்த்தவர், பெரியவர்.

சீ, என்று அவள் வாயில் வந்தேவிட்டது. தப்பு செய்வது இருக்கட்டும், எல்லோரும்தான் செய்கிறோம். ஒருத்தன் வயிற்றில் அடிக்கிறோம் என்று தெரிந்தே கைகழுவி உட்கார்ந்திருக்கிறாரே!

ஆனால் இங்கே யாரும் தனியாக ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. இரண்டாவது ஆள் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எந்தப் புண்ணியவான் தந்தது என்று கீழே பார்த்தாள்.

பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

நெட்டை சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தான். "சார் பக்கத்துல வந்து நின்னு, ஒரே ஒரு வார்த்தைதான்டா, அழுத்துன்னாரு. படிக்கல அக்கா. அழுத்திட்டேன்."

இப்போது யாரை அதிகம் அருவருப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டு, தேங்க்ஸ் சார் என்று வேறு சொல்லியிருப்பான் மடையன்.

பெரியவர் போனை எடுத்துத் தீவிரமாக எதையோ தேட ஆரம்பித்தார்.

அக்கா அந்த ஒற்றை வார்த்தையை அழித்தாள். எதை அழிக்கிறோம், யார் போட்டது, என்றைக்குப் போட்டது என்று காரணம் எழுதினாள். ஒப்புதலுக்கு நெட்டைக்கே அனுப்பினாள்.

"இதையாவது படிச்சுட்டு அழுத்துடா."

நெட்டை படித்தான். மனதுக்குள் இல்லை. பெரியவரின் பெயரோடு, வராந்தாவில் போகிறவர்கள் நின்று கேட்கும்படி, வாய்விட்டுப் படித்தான்.