ஏழு நீலக் குருவிகள்

கிதார் பழுதுபார்ப்பவர் அவள் கொண்டுவந்த பழைய கிதாரை மேசையில் மல்லாக்கக் கிடத்தி, விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். அதன் முகப்பலகை முழுக்க ஏழு நீலக் குருவிகள் பறக்கின்றன. பெயர்ப்பலகை எழுதும் அவள் கணவன் நான்கு வருடங்களுக்கு முன் அவள் பிறந்தநாளுக்காக எனாமலில் தீட்டியவை. "இவ்வளவு கெட்டியா பூசினா பலகை எப்படிங்க அதிரும்? பெயிண்ட எடுத்தாத்தான் சத்தம் வரும்" என்கிறார் அவர். அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். பக்கத்தில் நிற்கும் கணவனின் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. ஜன்னல் வெயில் குருவிகளின் மேல் பளபளக்கிறது. மின்விசிறி ஓயாமல் கடகடக்கிறது. "சத்தம் அமுங்கிப்போனது உனக்குத் தெரியுமா?" என்கிறான் அவன். "ம்." "எப்பலேர்ந்து?" "நீ கையில குடுத்து வாசிக்கச் சொன்னியே, அப்பவே." அவன் காதுமடல்கள் சிவக்கின்றன. "நாலு வருஷமா வாயத் திறக்கலையே நீ! நான் பாட்டுக்கு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டிப் பீத்திக்கிட்டிருந்தேன்." அவன் பழுதுபார்ப்பவரின் கையிலிருந்து சுரண்டும் தகட்டை வாங்கிக்கொண்டு, "நானே எடுக்கிறேன்" என்று குனிகிறான். முதல் குருவி வாலிலிருந்து நீலச் சுருளாக உரிகிறது. அடியில் தேன் நிறத்தில் மரம் தெரிகிறது. தகடு கறகறவென்று அடுத்ததை நோக்கி நகரும்போது, ஓரத்தில் இருக்கும் சின்னக் குருவியை அவள் உள்ளங்கையால் மூடுகிறாள். "இத மட்டும் விடு." "இதுவும்தான் சத்தத்த அமுக்கும்." "அமுக்கட்டும்." தகடு நின்றுவிடுகிறது. அவன் இன்னும் நிமிரவில்லை. அவளும் கையை எடுக்கவில்லை.