இன்னும் கனமா வேணும்

"இது பஞ்சு மாதிரி இருக்கு. இன்னும் கனமா குடும்மா."

இடுப்பெலும்பு முறிந்து பராமரிப்பு இல்லத்துக்கு வந்த அம்மாள் பேசுகிற பேச்சா இது? பிசியோதெரபிஸ்ட் பெண் மணல் பையைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"முதல்ல ஒழுங்கா நில்லுங்கம்மா. தூக்குறதெல்லாம் அப்புறம்."

"சும்மா நின்னு நான் என்ன பண்ண? வீட்டுல ஒருத்தன் எனக்காகக் காத்துக் கிடக்கான். அவனைத் தூக்கணும்."

"பேரப்பிள்ளை மேல அவ்வளவு ஆசையா? குழந்தையைத் தூக்க இந்தப் பையே ஜாஸ்தி."

அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, அதே பையை எட்டி எடுத்து மறுபடியும் தூக்கினாள். கால் வெடவெடத்தது. கண்ணில் நீர் முட்டியது.

"பக்கத்து வீட்டுக்காரி எத்தனை நாளைக்குத்தான் பாத்துப்பா? நான் போயே ஆகணும்மா."

சாயங்காலம் அந்தப் பக்கத்து வீட்டுக்காரியே வந்துவிட்டாள், ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு.

"என்னால முடியலக்கா. உங்களைப் பாக்காம ஒரு வாய் சாப்பிட மாட்டேங்குறான்."

நாற்காலியில் வாட்டசாட்டமான, தாடி நரைத்த ஓர் ஆள். கால்கள் மட்டும் துணி மாதிரித் தொங்கின. அம்மாளைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினான்.

"அம்மா... தூக்கு."

பிசியோதெரபிஸ்ட் பெண் அம்மாள் பக்கம் திரும்பினாள். "இவரைத் தூக்கித்தான் இடுப்பு முறிஞ்சுதா? ஏம்மா என்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா, அந்தப் பையையாவது என் கையில குடுத்திருப்பியா?"