பதினோரு வருட மழை

திரையில் தெரிந்தது அவருடைய கையெழுத்து.

நீல மையில் தேதி, சிவப்பு மையில் மில்லிமீட்டர். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

“நாற்பது பள்ளிக்கூடத்து மழைப் பதிவேட்டையும் புரட்டிட்டேன். ஒரு நாள்கூட விடாம எழுதியிருக்கிறது இந்த சார் ஒருத்தர்தான்,” என்றார் பயிற்சியாளர் அம்மா.

அறையில் இருந்த விவசாய ஆசிரியர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாறிப்போன பருவத்துக்கு ஏற்றபடி பயிர் செய்வதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று கற்கத்தான் ஐந்து நாளாக அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலிக்காரர் விலாவில் இடித்தார். “மழையே உங்ககிட்ட கையெழுத்து போட்டுட்டுத்தான் இறங்கும் போல, சார்!”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமையில் யார் பள்ளிக்கூடம் போய் மழையை அளப்பது? குத்துமதிப்பாக ஓர் எண்ணைப் போட்டுவைப்பார். மேலிடத்துக்குக் கட்டம் நிரம்பினால் போதும். அந்தத் தாள்களை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

படித்திருக்கிறார்கள். மற்றவர்கள் பதிவேட்டில் விடுமுறை நாட்கள் காலியாக இருந்ததால், அவற்றையெல்லாம் தள்ளிவிட்டார்களாம்.

அடுத்த படம் வந்தது. அவருடைய பதினோரு வருட எண்களை வைத்து வட்டாரம் முழுமைக்கும் போட்ட விதைப்பு நாட்காட்டி. ஒரு தேதியைச் சுற்றிப் பச்சை வட்டம்.

நாளைய தேதி.

“விவசாயிங்க கையில குடுத்தாச்சு,” என்றார் பயிற்சியாளர் அம்மா, பெருமை தாங்காமல்.

தேநீர் இடைவேளையில் தங்கை போன் செய்தாள்.

“அண்ணா, உன் பள்ளிக்கூடத்துக் கணக்காமே! விதை நேர்த்தி பண்ணி வச்சாச்சு. மழை ஏமாத்திச்சுன்னா மறுபடி விதைக்க ஒரு மணி விதைகூட கிடையாது, சொல்லிட்டேன். தேதி சரிதானே?”

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்குப் போனார்.

“விதைக்காதம்மா. ஒரு நல்ல மழை விழட்டும். மண்ணு ஒரு சாண் ஆழத்துக்கு நனையட்டும்.”

“அப்போ மத்தவங்க?”

“நீ சும்மா இரு. யார்கிட்டயும் வாயைத் திறக்காதே.”

தேநீர் ஆறிப்போயிருந்தது. குடிக்காமலே உள்ளே திரும்பினார்.

மேசைமேல் புத்தம்புது மழைமானி ஒன்று காத்திருந்தது. பளபளக்கும் உருளை, மேலே புனல், பக்கத்தில் அளவுக் குடுவை.

“வாங்க சார். உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர்ற மாதிரியே எங்களுக்கும் சொல்லிக் குடுங்க.”

கைதட்டலுக்கு நடுவே எழுந்து போனார்.

இப்போதே சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். நாற்பது பேர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் போன் இருக்கிறது. பொழுது சாய்வதற்குள் கடைசி வயல்வரை செய்தி போய்விடும்.

வாயைத் திறந்தார்.

“காலையில சரியா எட்டரை மணிக்கு அளக்கணும்,” என்றது அவர் குரல்.

நாற்பது பேனாக்கள் எழுதின.

புனலைப் பிடித்துத் தூக்கினார். அது வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். உருளையே மேசையை விட்டு எழும்பியது. உள்ளங்கை வியர்வையில் வழுக்கித் தற்செயலாகத் திரும்பியபோதுதான், அதைத் திருகிக் கழற்ற வேண்டும் என்று புரிந்தது.

“பாருங்க, எல்லாருக்கும் தெரியணும்னு எவ்வளவு நிதானமா செய்யறார்!” என்றார் அம்மா.

அவருடைய பள்ளிக்கூடத்து மழைமானி ஆசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் இருந்தது. அட்டைப்பெட்டியின் ஒட்டு நாடா பதினோரு வருடமாகப் பிரிக்கப்படவில்லை.