இலையின் அடிப்புறம்

கத்தரிச் செடிகளின் மேல் காலை வெயில் படிகிறது. நேற்று அவர் அடித்த மருந்தின் வாடை இன்னும் போகவில்லை. மனைவி ஓர் இலையைத் திருப்பிக் காட்டுகிறாள். சாறு உறிஞ்சும் அசுவினி அடிப்புறத்தில் அப்பியபடி சௌக்கியமாக இருக்கிறது. அதைத் தின்ன வந்த பொறிவண்டுக் குஞ்சுகள்தான் கால் சுருண்டு உதிர்கின்றன. முள்ளும் கறுப்புமாக இருந்ததால் அவற்றைத்தான் அவர் எதிரி என்று நினைத்தார். "அது நல்ல பூச்சி, விட்டுடுங்க" என்று நேற்று அவள் தடுத்தபோது, "வந்துட்டா பெரிய விஞ்ஞானி!" என்று எரிந்து விழுந்தார். இப்போது அவள் அடுத்த இலையையும் திருப்பிக் காட்டுகிறாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருக்கிறது அவருக்கு. பக்கத்துச் செடியின் தண்டில் ஒரே ஒரு குஞ்சு தள்ளாடி ஏறுகிறது. எடுக்க விரலை நீட்டியவர், சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். "நீயே எடும்மா," என்கிறார். "என் கையில மருந்து இருக்கு."