மனசு விட்டுப் பேசுங்க

மேஜை வட்டமாக இருந்தது.

யாரும் யாருக்கும் எதிரே உட்கார வேண்டாம் என்பதற்காகவாம். எப்படி உட்கார்ந்தாலும் அவன் எதிரேதான் இருந்தான்.

சுவரில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம். கீழே, சமரசத்தில் தோற்பவர் யாருமில்லை என்று எழுதியிருந்தது. எழுதுவதற்கு என்ன, நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

விவாகரத்துக் கேட்டது அவள். அதற்கு முன் ஒருமுறை பேசிப் பாருங்கள் என்று நீதிபதி கோர்ட் மாடியிலிருக்கும் இந்தச் சமரச அறைக்கு அனுப்பிவிட்டார்.

அவளுக்குப் பேச ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நான் வழுக்கி விழவில்லை. நீ தள்ளிவிட்டாய்.

வயிற்றில் பிள்ளையோடு வீட்டு மாடிப்படியில் உருண்டாள். பிள்ளை போயிற்று. அவளுக்கு மயக்கம் தெளிவதற்குள் ஆஸ்பத்திரியில் அவன் சொல்லி முடித்திருந்தான். படி ஈரம், வழுக்கிவிட்டாள். சொல்லும்போது அழுதானாம். டாக்டர் நம்பினார். அம்மாவும் நம்பினாள். இன்றுவரை நம்புகிறாள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும். முதுகில் பட்டது கைதானா?

ஒரே ஒரு தடவை அவன் வாயால் சொல்லிவிட்டால் போதும்.

சமரசம் பேசிவைக்க வந்த வக்கீலம்மா பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"இங்க பேசறது இந்த நாலு செவுத்தத் தாண்டாது. கோர்ட்டுல யாரும் சொல்லக் கூடாது. என்னையவே சாட்சிக்குக் கூப்பிட முடியாது. அதனால ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசுங்க."

அவன் கேட்டான்.

"எதுவுமே வெளிய போகாதுங்களா மேடம்?"

"எதுவுமே."

அவன் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான்.

"நான்தான் தள்ளுனேன்."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரல்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். எனக்குப் பைத்தியம் இல்லை. அது கைதான்.

பிறகுதான் உறைத்தது.

வக்கீலம்மாவைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. பேனா வைத்த இடத்திலேயே கிடந்தது.

"நான் இத யாருகிட்டயும் சொல்ல முடியாதும்மா."

அதன்பின் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார். சமரசம் ஏற்படவில்லை.

வெளியே பெஞ்சிலிருந்து அம்மா எழுந்தாள்.

"நான்தான் தள்ளுனேன்னு அவரே சொல்லிட்டாரும்மா."

அம்மா மருமகனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் அதையேதான் சொல்லீட்டிருக்குது அத்தை. நான் என்ன பண்ணட்டும்?"

அம்மா பெருமூச்சு விட்டாள். மகள் தோளைத் தட்டினாள். பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினாள். யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஈரமா வேற கெடக்குது. பாத்து எறங்கு கண்ணு. உனக்குத்தான் படின்னாலே ஆகாதே."

அம்மா கீழே போய்ச் சேரும்வரை அவள் படியின் கைப்பிடியைப் பிடித்தபடி மேலேயே நின்றாள்.

அவன் பின்னால் வந்து நின்றான்.

படியில் வேறு யாரும் இல்லை.

அவள் கைப்பிடியை விட்டாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீங்க முன்னால போங்க."