நாற்காலி என்பது நாற்காலி அல்ல

“காலி நாற்காலிகள் எனக்குக் கைதட்டுகின்றன” என்ற ஒரே ராக் பாட்டு வரியை நாற்பது நிமிடமாகப் பிழிந்துகொண்டிருந்தார் பேராசிரியர்.

“இங்கே நாற்காலி என்பது நாற்காலி அல்ல. மேடைக் கலைஞனின் உள்மனப் பாழ்வெளி!”

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. பேராசிரியர் கண்ணை மூடி அனுபவித்தார். சாயங்காலம் இந்த வீடியோ விருதுக் குழுவுக்குப் போகிறது.

மைக்செட்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பாட்டு பிறந்த கச்சேரிக்கும் மைக்செட் அவருடையதுதான். பேராசிரியர் கேமராவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கேட்டதும், பாட்டிலை நீட்டியபடி மெல்ல ஆரம்பித்தார்.

“சார், அன்னைக்கு நாற்காலி நிஜமாவே காலி. ஈ காக்கா வரலை. பாடகர் அழுதுடுவார் போல இருந்துச்சு. நான்தான் பழைய கேசட்ல இருந்த கைதட்டலைப் போட்டேன். அதைத்தான் அவர் அப்படியே பாட்டா எழுதினார்.”

“யோவ், ஒயரைப் பாக்குறதோட நிறுத்திக்க. கேசட் கைதட்டலுக்குத் தலையாட்டுற அளவுக்கு ஒரு கலைஞன் கேவலமா இறங்குவானா? உனக்கெல்லாம் இலக்கியம் எங்கே புரியப்போகுது!”

மைக்செட்காரர் தன் இடத்துக்குத் திரும்பினார். கேமரா மறுபடி ஓடியது.

“நாற்காலி என்றைக்கும் நாற்காலி ஆகாது!” என்று முழங்கி முடித்த பேராசிரியர், தலைகுனிந்து காத்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை.

“என்னய்யா, தூங்கிட்டியா? கைதட்டலைப் போடு!”

மைக்செட்காரர் எதிரே இருந்த முந்நூறு காலி நாற்காலிகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு, அன்றைக்குப் பாடகருக்குப் போட்ட அதே கைதட்டலை ஓடவிட்டார்.